பெரிய சட்ட நிறுவனத்தை விட்டு வெளியேறும் ஊதியச் சட்ட வழக்கறிஞருக்குச் சிங்கப்பூரில் உள்ள வழிகள்

ஊதியம், போனஸ், பங்குத் திட்டம், பணிநீக்கப் பலன் ஆகியவற்றை மட்டுமே தொழிலாகக் கொண்ட வழக்கறிஞர்கள் சிங்கப்பூரின் பெரிய சட்ட நிறுவனங்களில் சிலரே இருக்கிறார்கள். அமெரிக்காவில் இது தனித்து நிற்கும் துறை. ஊழியர்களின் ஓய்வூதிய, பலன் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் 1974ஆம் ஆண்டின் எரிசா சட்டமும், ஒத்திவைத்துக் கொடுக்கும் ஊதியத்தின் வரியைப் பற்றிய வருமான வரிச் சட்டத்தின் 409ஏ பிரிவும் அங்கே ஒரு வழக்கறிஞருக்கு வாழ்நாள் முழுவதும் வேலை கொடுக்கும். இங்கே நிலைமை வேறு. ஓய்வுக்காலச் சேமிப்பை 1955 முதல் மத்திய சேமநிதி ஏற்றுக்கொண்டுவிட்டது. எஞ்சியவை வேலை ஒப்பந்தம், பங்குச் சந்தை விதிகள், வருமான வரி என்று பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. ஆகவே, பெரிய நிறுவனத்தில் இத்துறையினர் செய்வது உண்மையில் மூன்று வேலைகள்: திட்ட ஆவணங்களை எழுதுவது, அவற்றின் வரியையும் தொகையையும் கணக்கிடுவது, ஒருவர் சேரும்போதோ விலகும்போதோ பேரம் பேசுவது.

பெரிய நிறுவனத்தில் இம்மூன்றும் ஒரே மேசைக்கு வருகின்றன. வெளியே உள்ள எந்த வழியிலும் மூன்றும் சேர்ந்து வருவதில்லை. மாற்று வழிகளை ஒப்பிட முனைபவர்கள் பெரும்பாலும் சம்பளத்தில் தொடங்குகிறார்கள். இம்மூன்றில் எதை இழக்க மனம் ஒப்பாது என்ற கேள்வியில் தொடங்குவதே சரி என்பது என் கருத்து. சம்பள வேறுபாடு சில ஆண்டுகளில் பழகிவிடும். பிடித்த வேலை கையை விட்டுப் போனது அவ்வளவு எளிதாகப் பழகுவதில்லை.

முதலில் எல்லோருக்கும் தோன்றும் வழி, ஒரு வங்கியிலோ பன்னாட்டு நிறுவனத்திலோ உள்சட்டப் பிரிவில் சேர்வது. மணிக்கணக்கைப் பதிவு செய்ய வேண்டியதில்லை, கட்சிக்காரரைத் தேடி அலைய வேண்டியதில்லை என்ற நிம்மதி உண்மையானதுதான். ஆனால் பதவியின் பெயரில் ‘ஊதியம்’ என்ற சொல் இருப்பதாலேயே நாள் முழுவதும் ஊதியத் திட்டங்களைப் பார்க்கலாம் என்று எண்ணிவிடக் கூடாது. போனஸ் பருவமும் பங்கு வழங்கும் பருவமும் ஆண்டில் சில வாரங்களே. மற்ற நாள்களில் ஒழுங்கு நடவடிக்கை, ஆட்குறைப்புக் கடிதம், வேலை அனுமதி, ஊழியர் குறைகேட்பு ஆகியவையே மேசையை நிரப்பும். 2019 ஏப்ரலில் வேலை நியமனச் சட்டத்தின் சம்பள வரம்பு நீக்கப்பட்டு நிர்வாகிகளும் மேலாளர்களும் அதன்கீழ் வந்ததிலிருந்து இந்தப் பொது வேலை கூடியிருக்கிறது. 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டம் நடப்புக்கு வரும்போது இன்னும் கூடும்.

இதே வழியில் ஒரு கிளை மட்டும் வேறு தரத்தில் இருக்கிறது. வட்டாரத் தலைமையகம் சிங்கப்பூரில் இருக்கும் நிறுவனங்களில், ஆசிய பசிபிக் முழுவதற்கும் பொறுப்பேற்கும் ஊதிய, வேலைச் சட்ட ஆலோசகர் பதவியே அது. ஹாங்காங்கில் 2025 மே முதல் தேதியன்று, கட்டாய சேமநிதியில் முதலாளி கட்டாயமாகச் செலுத்திய தொகையிலிருந்து பணிநீக்க இழப்பீட்டைக் கழித்துக்கொள்ளும் ஏற்பாடு முடிவுக்கு வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் மலேசியா வெளிநாட்டு ஊழியர்களையும் ஊழியர் சேமநிதிக்குள் கொண்டுவந்து இரு தரப்புக்கும் இரண்டு விழுக்காடு விதித்தது. நவம்பரில் இந்தியா நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் நடப்புக்குக் கொண்டுவந்தது; அவற்றிலுள்ள ‘ஊதியம்’ என்பதன் புதிய வரையறையால், படிகளைப் பெருக்கி அடிப்படைச் சம்பளத்தைச் சுருக்கிய நிறுவனங்கள் பணிக்கொடைக் கணக்கை மறுபடி போட வேண்டியதாயிற்று. சீனாவில் உள்ள ஊழியர்களுக்கு வெளிநாட்டுப் பட்டியலிட்ட நிறுவனம் பங்கு கொடுக்க வேண்டுமானால், 2012ஆம் ஆண்டுச் சுற்றறிக்கைப்படி அந்நாட்டின் அந்நியச் செலாவணி நிர்வாகத்திடம் பதிவு செய்ய வேண்டும். இவை அனைத்தும் ஒருவர் மேசைக்கு வரும் பதவி இது. எழுதும் வேலையையும் கணக்கிடும் வேலையையும் ஒருசேரத் தக்கவைக்க விரும்புபவருக்கு இதைவிட நல்ல இடம் இங்கே இல்லை.

தமிழ் தெரிந்தவருக்கு இதில் ஒரு சிறு ஆதாயமும் உண்டு. ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் போன்ற வங்கிகள் சென்னையில் பெரிய சேவை மையங்களை நடத்துகின்றன. அங்குள்ள மனிதவள அலுவலர்களோடு பேசி, எழுத்தில் வராத நடைமுறைச் சிக்கலைப் புரிந்துகொள்ள மொழி உதவும். அது வேலையை எளிதாக்குமே தவிர வேலையை வாங்கித் தராது. நேர்காணலில் கேட்கப்படுவது பணிக்கொடைக் கணக்கு தெரியுமா என்பதுதான்.

சட்டப் பிரிவில் அல்லாமல் மனிதவளப் பிரிவிலேயே ஊதியத் திட்டங்களின் தலைவராகச் சேர்வது அடுத்த வழி. திட்டத்தை யாரோ வடிவமைத்துக் கொடுக்க, அதைச் சட்டமொழியில் எழுதிக் கொடுத்தே சலித்தவர்களுக்கு, வடிவமைப்பவராக மாறும் வாய்ப்பு கவர்ச்சியானது. இதில் வழக்கறிஞர்கள் கவனிக்கத் தவறும் ஒரு செய்தி இருக்கிறது. சாட்சியச் சட்டத்தில் 2012இல் செய்யப்பட்ட திருத்தம், நிறுவனத்தில் பணியாற்றும் சட்ட ஆலோசகர் தரும் ஆலோசனைக்கும் இரகசியப் பாதுகாப்பை நீட்டித்தது. ஆனால் அந்தப் பாதுகாப்பு சட்ட ஆலோசகர் என்ற நிலையில் சொல்லப்படும் கருத்துக்கே உரியது. மனிதவளப் பிரிவுக்கு மாறியவர் பழைய பழக்கத்தில் ‘இந்தப் பணிநீக்கத்தில் நமக்கு இன்னின்ன அபாயம் உண்டு’ என்று மின்னஞ்சல் எழுதினால், அது நாளை எதிர்த்தரப்பின் கைக்குப் போகலாம். சட்டம் தெரிந்தவர் என்பதற்காகவே அவரைத் தேர்ந்தெடுத்த நிறுவனம், சட்டக் கருத்தை எழுதாதே என்றும் சொல்லும். இந்த இரட்டை நிலை எல்லோருக்கும் ஒத்துவராது. உறவினர்கள் ‘வக்கீல் வேலையை விட்டுவிட்டாயா?’ என்று கேட்பதும் இந்த வழியில்தான் அதிகம். அதற்காக முடிவை மாற்ற வேண்டியதில்லை என்றாலும், கேள்வி வரும் என்று தெரிந்திருப்பது நல்லது.

மெர்சர், டபிள்யூடிடபிள்யூ, ஏயோன், கார்ன் ஃபெரி போன்ற ஆலோசனை நிறுவனங்களும், நான்கு பெரும் கணக்காய்வு நிறுவனங்களின் வரி, ஊழியர் ஆலோசனைப் பிரிவுகளும் இன்னொரு வழி. வழக்கறிஞர்கள் இதைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையின் விதிப்படி, 2024 டிசம்பர் 31 அன்றோ அதற்குப் பின்னரோ முடிவடையும் நிதியாண்டுகளிலிருந்து, பட்டியலிட்ட நிறுவனங்கள் ஒவ்வோர் இயக்குநருக்கும் தலைமை நிர்வாகிக்கும் கொடுத்த ஊதியத்தின் சரியான தொகையை ஆண்டறிக்கையில் வெளியிட வேண்டும். முன்பு சம்பளத்தைப் படிநிலை வரம்புகளாகக் காட்டி ஒதுங்கிக்கொண்ட நிறுவனங்களின் ஊதியக் குழுக்கள், இப்போது எண்ணையும் சொல்லி அதற்கான நியாயத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. முதன்மைப் பட்டியல் நிறுவனங்களின் பங்குத் திட்டங்களுக்கான மொத்தப் பங்கு வெளியீடு நிறுவனத்தின் மொத்தப் பங்குகளில் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, குறித்த விலையில் பங்கு வாங்கும் விருப்புரிமைக்குச் சந்தை விலையிலிருந்து 20 விழுக்காட்டுக்கு மேல் தள்ளுபடி தரக் கூடாது என்ற விதிகளை நன்கறிந்த ஒருவர், ஒப்பீட்டு அட்டவணைகளை மட்டும் கொண்டுவரும் ஆலோசகரைவிட ஊதியக் குழுவுக்கு அதிகம் பயன்படுவார். நிதி நிறுவனங்களில் 2021 செப்டம்பரில் நடப்புக்கு வந்த நாணய ஆணையத்தின் தனிநபர் பொறுப்புடைமை வழிகாட்டிகள், மூத்த நிர்வாகிகளின் பொறுப்பு என்ன, தவறு நடந்தால் அதன் விளைவு என்ன என்ற கேள்விகளை எழுத்தில் தெளிவாக்கச் சொல்கின்றன. அந்த விளைவுகளில் போனஸும் ஒன்று என்பதால், இங்கேயும் இதே தேவை எழுந்திருக்கிறது.

ஆலோசனை நிறுவனத்தில் கணக்கிடும் வேலை முழுமையாக நிற்கும், எழுதும் வேலை பாதி நிற்கும், பேரம் போய்விடும். சட்டக் கருத்து எழுதித் தர வேண்டிய இடத்தில் ‘வெளிச் சட்ட ஆலோசகரைக் கேளுங்கள்’ என்று எழுத வேண்டிவரும். தொழில் நடத்தும் சான்றிதழ் வைத்திருந்த காலத்தில் தாமே செய்ததை வேறொருவருக்கு அனுப்புவது சிலருக்கு உறுத்தும். சில கணக்காய்வு நிறுவனங்கள் இங்கே தங்களோடு இணைந்த சட்ட நிறுவனங்களை வைத்திருக்கின்றன. உறுத்தல் வேண்டாம் என்பவர் அங்கே விசாரிக்கலாம். ஆனால் தணிக்கைக் கட்சிக்காரர்களுக்கு எந்தெந்தச் சேவை தரலாம் என்ற சுதந்திரத்தன்மைக் கட்டுப்பாடுகளை நேர்காணலிலேயே கேட்டுவிட வேண்டும், ஏனென்றால் உங்களோடு வரும் என்று எண்ணிய கட்சிக்காரர் அந்தக் கணக்காய்வு நிறுவனத்தின் தணிக்கைப் பட்டியலில் இருந்தால் அவருக்கு நீங்கள் எதுவும் செய்ய முடியாமலே போகலாம்.

நான் சற்று நீளமாகப் பேச விரும்புவது சிறு நிறுவனத்தைப் பற்றி. அது தாமே தொடங்குவதாகவோ, வேலைச் சட்டத்தில் மட்டும் நிபுணத்துவம் கொண்ட ஒரு சிறிய நிறுவனத்தில் சேர்வதாகவோ இருக்கலாம்.

பெரிய சட்ட நிறுவனங்கள் வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் பணியாற்றுகின்றன. ஆகவே அந்த வங்கியிலிருந்து விலக்கப்படும் மூத்த நிர்வாகி உதவி கேட்டு வந்தால், நலன் முரண்பாடு காரணமாக அவரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. குறிப்பிட்ட அந்த வங்கி தம் கட்சிக்காரராக இல்லாவிட்டாலும், நிர்வாகிகளின் பக்கம் நிற்பதை வங்கிக் கட்சிக்காரர்கள் பொதுவாக விரும்பாததால், பல நிறுவனங்கள் அந்தப் பக்கமே போவதில்லை. இப்படித் திருப்பி அனுப்பப்படுபவர்கள் எங்கே போகிறார்கள்? முரண்பாடு இல்லாத சிறு நிறுவனங்களுக்குத்தான். பழைய சக ஊழியர்களே அவர்களை அனுப்பி வைப்பார்கள். பெரிய நிறுவனத்தை நல்ல முறையில் விட்டு வெளியேறுவது மரியாதைக்காக மட்டுமன்று, வருமானத்துக்காகவும் என்பது இதனால்தான்.

அந்த நிர்வாகிக்குத் தேவைப்படுவது முழுக்க முழுக்க ஊதியச் சட்ட வழக்கறிஞரின் அறிவு. கையெழுத்திடச் சில நாள்களே கொடுக்கப்பட்ட விலகல் ஒப்பந்தத்தில், இன்னும் கைக்கு வராத பங்குகளை அவர் ‘நல்ல முறையில் விலகுபவர்’ என்ற வகையில் வைத்துக்கொள்ள முடியுமா, ஒத்திவைக்கப்பட்ட போனஸ் பறிபோகுமா, போட்டித் தடை விதி எவ்வளவு காலம் கட்டும் என்பவை கேள்விகள். வேலை இழப்புக்கான இழப்பீட்டுக்கு வரி இல்லை. ஆனால் முன்னறிவிப்புக்கு ஈடான சம்பளம், போனஸ், கடந்த பணிக்கான பணிக்கொடை ஆகியவற்றுக்கு வரி உண்டு. ஒரே தொகையை ஒப்பந்தத்தில் எந்தத் தலைப்பின்கீழ் எழுதுகிறோம் என்பதில் பெரும் பணம் இருக்கிறது. அந்தத் தலைப்பு உண்மைக்குப் பொருந்த வேண்டும், இல்லையேல் உள்நாட்டு வருவாய் ஆணையம் ஏற்காது. பேரம், கணக்கு, எழுத்து மூன்றும் இங்கே மிக அருகில் வருகின்றன, ஒரு திட்டத்தை அடியிலிருந்து வடிவமைக்கும் பெரிய எழுத்து வேலை மட்டுமே குறைகிறது.

வழக்குக்கும் இடம் உண்டு. ஊழியர் கூட்டத்தில் வாய்மொழியாக அறிவிக்கப்பட்ட போனஸ் தொகுப்பு கட்டுப்படுத்தும் வாக்குறுதியே என்று, காமர்ஸ்பேங்க் மீது முன்னாள் ஊழியர்கள் தொடுத்த வழக்கில் சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. வேலை நியமன உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர்கள் தோன்ற முடியாது. அதற்குத் தொகை வரம்பும் உண்டு. எனவே சிறு தொகைகள் சிறு நிறுவனத்துக்கு வருமானம் தராது. இரண்டரை லட்சம் வெள்ளி வரையிலான கோரிக்கை மாவட்ட நீதிமன்றத்துக்கும் அதற்கு மேற்பட்டது உயர் நீதிமன்றத்துக்கும் போகும். மூத்த வங்கியாளரின் ஒத்திவைக்கப்பட்ட போனஸ் அந்த அளவை எளிதில் எட்டும்.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் இது விளம்பரமாகிவிடும். தனிநபர் கட்சிக்காரர் ஒருமுறை வருவார், பிரச்சினை தீர்ந்ததும் போய்விடுவார்; வங்கியைப் போல ஆண்டுதோறும் வேலை தருவதில்லை. வேலை இழந்த நாளில் கட்டணத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும், அது இருவருக்கும் சங்கடமானது. ஆட்குறைப்பு அலை அடிக்கும் மாதங்களில் தொலைபேசி ஓயாது, பொருளாதாரம் நன்றாக இருக்கும்போது அமைதியாகிவிடும். அந்த அமைதியை ஈடுசெய்ய, சொந்த மனிதவளப் பிரிவு இல்லாத நடுத்தர நிறுவனங்களின் வேலையையும் எடுத்துக்கொள்ள வேண்டும். சொந்தமாகத் தொடங்க மூன்றாண்டுத் தொழில் அனுபவமும் சட்டத் தொழில் நிர்வாகப் பயிற்சியும் தேவை. தொழில் காப்புறுதி கட்டாயம். கட்சிக்காரர் பணக் கணக்கை வைத்திருந்தால் அதற்கான கட்டுப்பாடுகள் நேரத்தை விழுங்கும். வெளிநாட்டுத் தகுதி மட்டுமே உள்ளவர் சிங்கப்பூர்ச் சட்டத் தொழிலைச் சொந்தமாக நடத்த முடியாது. உள்சட்டப் பிரிவும் ஆலோசனை நிறுவனமும்தான் அவருக்குத் திறந்த கதவுகள்.

அரசாங்கப் பணியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மனிதவள அமைச்சு, மத்திய சேமநிதிக் கழகம், உள்நாட்டு வருவாய் ஆணையம், தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகம் ஆகியவற்றில் இத்துறை அறிவுக்கு மதிப்பு உண்டு. சட்டத்தை விளக்குவதை விட்டுச் சட்டம் உருவாகும் இடத்துக்குப் போக விரும்புபவருக்கு ஏற்றது. பங்குத் திட்டங்களோடு உள்ள தொடர்பு ஏறத்தாழ அறுந்துவிடும். இன்னொரு பெரிய சட்ட நிறுவனத்துக்கு மாறுவது வெளியேறுவதே அல்ல. பார்ட்னர் பதவி நிச்சயமாகக் கிடைக்கும் என்றால் மட்டும் யோசிக்கலாம்.

இப்போது பணம். பிறருக்கு ஊதியத் தொகுப்பை அலசிக் கொடுப்பவர்கள் தம் தொகுப்பை அலசுவதில் அசட்டையாக இருப்பது வியப்பான உண்மை. தொழில்நுட்ப நிறுவனம் ஒன்று நான்காண்டுகளில் கைக்கு வரும் 1,20,000 வெள்ளிப் பங்குகளைத் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஆண்டுக்கு 30,000 வெள்ளி. முதலாண்டு முடியும் முன் விலகினால் பெரும்பாலும் ஒன்றுமில்லை. கைக்கு வரும் நாளின் சந்தை விலையில் வருமான வரி உண்டு, அதன்பின் விலை சரிந்தாலும் கட்டிய வரி திரும்பாது. வெளிநாட்டவரானால் இன்னொரு சிக்கலும் உண்டு. வேலையை விட்டு விலகும்போது முதலாளி குறைந்தது ஒரு மாதத்துக்கு முன் வருவாய் ஆணையத்துக்கு அறிவித்துப் பணத்தை நிறுத்திவைப்பார். இன்னும் கைக்கு வராத பங்குகளும் வந்துவிட்டதாகக் கருதி வரி கணக்கிடப்படலாம். இவற்றையெல்லாம் கட்சிக்காரருக்குச் சொல்லிக் கொடுத்தவர், தமக்கு வந்த பணிக் கடிதத்தில் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்திடக் கூடாது.

பார்ட்னராக இருந்தவருக்கு இன்னொரு கணக்கு. வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மையின் பார்ட்னர் சுயதொழில் செய்பவராகவே கருதப்படுகிறார். மருத்துவச் செலவுக்கான சேமநிதிக் கணக்கான மெடிசேவ் மட்டும் கட்டாயம், முதலாளியின் சேமநிதிச் சந்தா இல்லை. ஊழியராக மாறினால் அது வரும். 2026 ஜனவரி முதல் மாதச் சம்பளத்தில் 8,000 வெள்ளி வரையிலான பகுதிக்குச் சேமநிதிச் சந்தா கணக்கிடப்படும். 55 வயது வரை முதலாளியின் பங்கு 17 விழுக்காடு, அதாவது மாதம் 1,360 வெள்ளி வரை. சம்பளக் குறைவை ஒப்பிடும்போது இதைச் சேர்க்க மறக்கிறார்கள். மறுபுறம், இங்கே வரி முந்தைய ஆண்டு வருமானத்துக்கு விதிக்கப்படுவதால், பார்ட்னராக ஈட்டிய கடைசி ஆண்டின் வரி, குறைந்த சம்பளத்தில் வாழும் முதல் ஆண்டில் வந்து நிற்கும். வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழிக்கும் கைரோ வழியாகப் பன்னிரண்டு மாதத் தவணையில் வட்டியின்றிக் கட்டலாம் என்பது ஆறுதல். ஆனாலும் அந்தத் தொகையை விலகும் முன்பே ஒதுக்கிவைப்பது அவசியம்.

காலத்தைத் தேர்வதும் இதே கணக்கில் சேரும். தொழில் நடத்தும் சான்றிதழின் ஆண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. உள்சட்டப் பிரிவுக்கோ ஆலோசனை நிறுவனத்துக்கோ போகிறவர் புதுப்பிப்புக்கு முன் விலகினால் தேவையற்ற கட்டணம் மிச்சமாகும். போனஸ் வழங்கும் நாளில் பணியில் இருக்க வேண்டும், அதோடு விலகல் கடிதம் கொடுத்திருக்கவும் கூடாது என்று பல ஒப்பந்தங்கள் சொல்கின்றன. மூன்று மாத முன்னறிவிப்பைச் சேர்த்துப் பார்த்தால், போனஸ் வங்கிக் கணக்கில் சேர்ந்த மறுநாள் கடிதம் கொடுத்து ஆண்டின் நடுப்பகுதியில் புது இடத்தில் சேர்வதே பெரும்பாலோருக்குக் கைகூடும் அட்டவணை. புது முதலாளி அவ்வளவு காத்திருக்க மறுத்தால், இழக்கும் போனஸை ஈடுகட்டும் சேர்க்கைத் தொகையைக் கேளுங்கள். அதோடு, ஓராண்டுக்குள் விலகினால் அதைத் திருப்பித் தர வேண்டும் என்ற விதி இருந்தால், ஆட்குறைப்பில் நீக்கப்பட்டாலும் அது பொருந்துமா என்று எழுத்தில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.